அரக்குச் சேலைக்குப் பிடித்த கூலி

போன வாரம் பெட்ரோல் போடக் காத்திருந்தேன். முன்னால் நின்ற பையனின் வண்டியில் டேங்க் நிரம்பி வழிந்து, அந்த வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. உங்களுக்குப் பெட்ரோல் வாசனை என்றால் பஸ்ஸோ, பயணமோ ஞாபகம் வரும். எனக்கு அடிதடிதான் ஞாபகம் வருகிறது. என்ன செய்ய, நான் வேலை பார்த்த லட்சணம் அப்படி.

பட்டில் எண்ணெய்க் கறை பட்டால் பெட்ரோலைத் தொட்டுத்தான் எடுப்பார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதலாளியின் தறிக்கூடத்தில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தேன். பக்கத்துத் தறி ஏகாம்பரத்துடையது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று நெய்யும் சேலைக்கு, குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அவன் மனைவி கன்னியம்மாதான் உட்காருவாள். உட்காருவது இரண்டு பேர், கூலி ஒரு ஆளுக்கு, அதுவும் புருஷன் பெயரில். அவளுக்கு வாய் மட்டும்தான் சொந்தம். அந்த வாய்க்குக் கூடமே பயப்படும், நான் உட்பட.

ஒரு அரக்குச் சேலை முடியும் சமயத்தில் தறிக்கு மேலே பூ வேலைக்கு மாட்டியிருந்த ஜக்கார்டு பெட்டியிலிருந்து எண்ணெய் சொட்டி முந்தானையில் விழுந்தது. எண்ணெயை அள்ளி ஊற்றிவிட்டுப் போனது முதலாளி அனுப்பிய மெக்கானிக். அதை யாரும் விசாரிக்கவில்லை. முதலாளி கறையைப் பார்த்தார், ஏகாம்பரத்தின் கன்னத்தில் ஒன்று விட்டார், சேலையின் முழு விலையையும் கூலியில் பிடிக்கச் சொன்னார். அன்றைக்கு அதுதான் வழக்கம், அறை தனி, பிடித்தம் தனி. தையிலிருந்து ஆடி வரைக்கும் அந்த வீட்டுக்குப் பாதிக் கூலிதான். மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ்.

கன்னியம்மா அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். விலை முழுக்க நம்மிடம் பிடித்தாகிவிட்டால் சேலை நம்முடையது. கல்யாணத்துக்குக்கூடப் பருத்தி கட்டியவள், இதைக் கட்டியே தீருவேன் என்றாள். கடைசிப் பிடித்தம் முடிந்த வாரம் காந்தி ரோட்டில் இருந்த முதலாளியின் கடைக்குக் கிளம்பினாள். ஏகாம்பரமும் நானும் பின்னால் போனோம்.

உள்ளே வாலாஜாபாத்திலிருந்து வந்த கல்யாணக் கோஷ்டி உட்கார்ந்திருந்தது. அவர்கள் முன்னால் விரித்துக் கிடந்தது அதே சேலை. கறையைக் காணோம், பெட்ரோல் வாசனை மட்டும் லேசாக அடித்தது. சொன்ன விலை முழு விலை.

கன்னியம்மா பாய்ந்து முந்தானையைப் பிடித்தாள். முதலாளியின் மச்சான் அவள் கையை முறுக்கி, வாயிலேயே குத்தினான். உதடு பிளந்து ரத்தம் சேலையில் கொட்டியது. துணி அளக்கும் இரும்புக் கஜக்கோலை ஏகாம்பரம் எடுத்ததைப் பார்த்தேன். மச்சானின் முழங்கை முறிந்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. விலக்கப்போன எனக்கு மண்டையில் ஒரு அடி, யார் அடித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. விரித்த சேலைகளின் மேல் மல்லாந்தேன். நான் பட்டில் படுத்தது அன்று ஒருநாள்தான்.

ஸ்டேஷனில் ஏகாம்பரத்தை உள்ளங்காலில் லத்தியால் அடித்தார்கள். ஒரு வாரம் தவழ்ந்துதான் வீட்டுக்குள் நடமாடினான்.

நெசவாளர் சங்கத்துக்காரர்கள் லேபர் ஆபீசரைக் கடைக்கே அழைத்துவந்தார்கள். அவர் நிதானமாகச் சட்டத்தைச் சொன்னார். தொழிலாளியின் கவனக்குறைவால் பொருள் கெட்டால் கூலியில் பிடிக்கலாம், ஆனால் உண்மையான நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, அவன் தரப்பைக் கேட்காமலும் பிடிக்கக் கூடாது. முழு விலைக்குப் போகிற சேலையில் நஷ்டம் ஏது, வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். முதலாளி லேசுப்பட்டவரா? இப்போது சேலை ரத்தமாகிவிட்டதே, இதற்குப் பிடிக்கலாமா என்று கேட்டார். ஆபீசர் யோசித்துவிட்டு, பிடிக்கலாம், ஆனால் முதலில் அவர்கள் பதிலைக் கேட்க வேண்டும் என்று கன்னியம்மா பக்கம் திரும்பினார். என்ன நடந்தது என்று அவளை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அது என் ரத்தம் சார்," என்றாள் வீங்கிய வாயால். "என் வாய ஒட்ச்சிட்டு, அதுல வந்த ரத்தத்துக்கு எங்ககிட்டயே புடிப்பானா?"

ஆபீசர் முதலாளி பக்கம் திரும்பி, பிடித்ததை எடுத்து வையுங்கள் என்றார். முதலாளி பணத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அவள் அதைத் தள்ளினாள்.

"துட்டு வாணாம். சேலைய குடு."

அடுத்த வெள்ளிக்கிழமை, காய்ந்த ரத்தத்தோடு அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. முகூர்த்தச் சேலை எடுக்க வந்தவர்கள் முந்தானையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். அதற்கடுத்த வெள்ளியும் வந்தாள். மச்சான் நல்ல கையால் கல்லை எறிந்தான். நெற்றியில் வழிந்ததையும் அதே முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கடை காலியானதில் ஆனந்தமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

ஏகாம்பரத்துக்கு ஊரில் ஒருவரும் தறி கொடுக்கவில்லை. இருவரும் ஆரணிப் பக்கம் போனதாகச் சொன்னார்கள், அப்புறம் தகவல் இல்லை. தறிக்கூடம் இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். அவர்கள் போன பிறகும் கொஞ்ச காலம் காஞ்சிபுரத்து முதலாளிகள் கூலியில் கைவைக்கும் முன்னால் நெசவாளியைக் கூப்பிட்டு, "இன்னா ஆச்சு, நீயே சொல்லுப்பா" என்று கேட்டார்கள். சட்டம் அவர்களுக்கு நினைவிருந்ததோ என்னவோ, வெள்ளிக்கிழமை நினைவிருந்தது. இப்போது யாரும் கேட்பதில்லை. அந்தப் பயம் ஊரைவிட்டே போய்விட்டது.