கண்மாய்க்கரையில் நான் விழுங்கிய கேள்வி

ஒரு பெண் கேட்ட ஒரே ஒரு கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை. தெரிந்தே, தெளிவாக, பட்டப்பகலில் விழுங்கினேன். அதனால் ஓர் ஊரில் நிலமில்லாத சனங்களுக்கு இருந்த ஒரே உரிமை போயிற்று.

நீங்கள் என்னை வாரப் பத்திரிகைகளில் துணுக்கு எழுதுகிறவனாக அறிந்திருக்கக்கூடும். பல் வைத்தியர் வாசலில் காத்திருக்கையில் படித்துச் சிரித்தும் இருக்கலாம். இன்று உங்களைச் சிரிக்க வைக்க வரவில்லை. இதைச் சொல்லும்போதே நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை வாக்கியம் வந்து நிற்கிறது... பாருங்கள், இதுதான் என் நோய். அந்த ஊரைக் கெடுத்ததும் இதே நோய்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. இராஜபாளையத்தில் ஒரு மாடியறையில் டுடோரியல் காலேஜ் நடத்திக்கொண்டிருந்தேன். காலேஜ் என்பது பெயர்ப்பலகையில் மட்டும் இருந்தது. மாடியில் பெஞ்சுகள் இருந்தன. ஆங்கிலத்தில் தவறியவர்களைத் தன்னம்பிக்கையோடு மறுபடியும் தவற வைப்பது என் தொழில்.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. வடக்கே பனிக்கடல் ஓரத்து நாடுகள் சில, தங்கள் கடல்களில் மீனை அரித்தெடுத்து முடித்தபின் கண்விழித்து, இனி உலகம் முழுவதும் மீனை அளவோடு பிடிக்க வேண்டும், பிள்ளை குட்டிகளுக்கு மிச்சம் வைக்க வேண்டும், கடலின் பாரத்தைக் குறைக்கக் குளங்களிலும் கண்மாய்களிலும் வளர்க்க வேண்டும் என்று கூடிப் பேசி முடிவெடுத்திருந்தன. பணம் அவர்களுடையது, தண்ணீர் நம்முடையது. அந்தக் கொள்கை பல தலைநகரங்களில் கையெழுத்தாகி, கடைசியில் கடலையே பார்த்திராத எங்கள் தாலுகாவுக்கு வந்து சேர்ந்தது. வந்த குழுவுக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த, வேறு உருப்படியான வேலை இல்லாத ஒருவர் தேவைப்பட்டார். கேட்ட இடமெல்லாம் என் பெயரைச் சொன்னார்களாம்.

குழுவின் தலைவி இங்க்ரிட். என் வயதுதான் இருக்கும், மீனவர் மகள். ஜீப்பில் போகும்போது தன் ஊர்க் கதையைச் சொன்னார். பெரிய கம்பெனிக் கப்பல்கள் வந்து அந்தக் கடலை வாரிக்கொண்டு போயினவாம். அவருடைய அப்பா படகை விற்றுவிட்டு, மரப்பெட்டி செய்யும் ஆலைக்கு வேலைக்குப் போனாராம்.

“எங்களை யாரும் கேட்கவே இல்லை” என்றார்.

ஆகவே இந்தத் திட்டத்தில் அவர் சண்டை போட்டுச் சேர்த்த விதி ஒன்று இருந்தது. கண்மாயை நம்பி வாழ்கிற எல்லோரையும் கூட்டிக் கேட்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும், அந்த மறுப்புக்கு வழி காணும்வரை அங்கே ஒரு மீன்குஞ்சுகூட விடக் கூடாது.

ஒருவர்! எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு உப்புக் காணுமா காணாதா என்பதில்கூட எங்கள் பக்கம் ஒருமனதாக முடிவெடுத்தது கிடையாது.

தேவதானத்துப் பக்கம் ஒரு கண்மாய். பெயரைச் சொல்லமாட்டேன், அங்கிருப்பவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், ஊர்ப் பெரியவர் ஒருவர் கரைமேல் ஏறித் தோள்துண்டைத் தலைக்கு மேலே வீசுவார். அதுவரை கரையில் முண்டியடித்து நின்ற சனம் மொத்தமும், மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக்கூடையும் பழஞ்சேலையுமாக உள்ளே இறங்கும். விரால், கெளுத்தி, அயிரை... கையில் அகப்பட்டது அவரவருக்கு. யாரும் யாரையும் தடுக்க முடியாது. வயல் உள்ளவர்களுக்குக் கண்மாய்த் தண்ணீரில் பங்கு. வயல் இல்லாதவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் பங்கு.

இது எனக்குத் தெரியுமா? தெரியும். நன்றாகத் தெரியும். தெரியாது என்றிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இல்லையே!

மடைக்குப் பக்கத்தில் கூட்டம். நிலக்காரர்கள் முன்வரிசை, அவர்களைக் கொண்டு மீன்வளர்ப்புச் சங்கம் ஒன்று ஏற்கெனவே அமைத்தாகிவிட்டது. இங்க்ரிட் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன். இடையிடையே என் சரக்கையும் சேர்த்தேன். சிரித்தார்கள். சிரிப்புக் கேட்டால் எனக்குக் கள் குடித்தது போல. அதோடு இன்னொரு போதையும் இருந்தது. அடுத்த ஆண்டு தன் நாட்டில் நடக்கும் மாநாட்டுக்கு என்னைப் போன்ற ஒருவரை அழைக்கலாம் என்று இங்க்ரிட் பாதி வாக்கியத்தில் சொல்லியிருந்தார். மீதி வாக்கியத்தை நானே முடித்துக்கொண்டு, இராஜபாளையம் வெயிலில் கடை கடையாக ஏறிக் கம்பளிச் சட்டை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

பின்வரிசையிலிருந்து முத்துப்பேச்சி எழுந்தாள். களையெடுத்தும் நாற்று நட்டும் பிழைக்கிற, புருஷன் இல்லாத பெண். கண்மாய் வற்றும் நாளில் பிடித்ததைக் கருவாடாக்கி வைத்துக்கொண்டு, வேலையில்லாத மாதங்களைத் தள்ளுகிறவள்.

“சார், அந்தம்மாட்ட ஒண்ணு கேளுங்க. இவிய குஞ்சு விட்ட பொறவு, தண்ணி வத்துனா நாங்க எறங்கலாமா, கூடாதா?”

சங்கத் தலைவர் என்னைப் பார்த்தார். இங்க்ரிட் பேனாவைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

பதில் எனக்குத் தெரியும்: இறங்கக் கூடாது. சங்கம் வளர்க்கிற மீன் சங்கத்துக்கு. கேள்வியை அப்படியே சொன்னால் இங்க்ரிட் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். தலைவர் வீட்டில் எங்களுக்காகச் சமைத்த கிடாய்க்கறி ஆறிப்போகும். என் கம்பளிச் சட்டையும்...

நான் முத்துப்பேச்சியின் பக்கம் திரும்பினேன்.

“ஏத்தா, கடல் தாண்டி வந்து உனக்கு மீனு விடுதாக. நீ சேத்துல வேற எறங்கணுமாக்கும்? வீட்டுக்குப் போயி மசால அரச்சி வையி. மீனு தன்னால நடந்து வரும்.”

கரை அதிர்ந்தது. “வெளிநாட்டு மீனுக்கு ஒறப்பு ஆகாதுடி பேச்சி, மொளகாயக் கொறச்சி வையி” என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். பெண்களும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் நாலு பக்கமும் பார்த்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்கள் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன கேட்டார்?” என்றார் இங்க்ரிட்.

“மீன் எப்போது குழம்புக்குக் கிடைக்கும் என்று கேட்கிறார். ஆவல்.”

இங்க்ரிட்டின் முகம் முழுதும் மலர்ந்தது. கேமராவை எடுத்து, சிரிக்கும் அந்த ஊரைப் படம் பிடித்தார்.

நான் என்ன செய்தேன்? ஒருத்தியின் வாயை அடைக்க ஓர் ஊரின் சிரிப்பையே எடுத்துத் திணித்தேன். அடித்திருந்தால் யாராவது தடுத்திருப்பார்கள். சிரிப்பை யார் தடுப்பார்கள்?

சில மாதங்கள் கழிந்தன. புதுக் குஞ்சுகளை விடுமுன், அவற்றைத் தின்னும் விராலையும் கெளுத்தியையும் அப்புறப்படுத்த வேண்டும். அதற்கு இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றுவார்கள். மீன் மயங்கி மிதக்கும். மனிதர் தின்றால் கெடுதலில்லை. கோடையில் தண்ணீர் இறங்கியிருந்ததால், அன்று சனமும் வழக்கம்போலக் கூடையோடு கரையில் கூடியிருந்தது. கரையில் நின்ற மீன்வளத்துறை ஆய்வாளர் வெளியூர்க்காரர். நடுத் தண்ணீரில் தெப்பத்தில் நின்ற ஆட்களுக்கு “ஊற்றலாம்” என்று சைகை காட்ட வேண்டும். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்தார். தலைக்கு மேலே வீசினார்.

அவ்வளவுதான். ஊர் இறங்கிவிட்டது.

அவருக்கு அந்த வீச்சின் பொருள் தெரியாது. அவர்களுக்கு வேறு பொருள் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள், புளியமர நிழலில் நின்று வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தான்.

சங்கம் புகார் கொடுத்தது. போலீஸ்காரர்கள் கூடை நிறைந்தவர்களை மட்டும் பார்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். மீன் களவு. ஊர்க்காரர்கள் என்னை அழைத்தார்கள், திட்டத்தில் எனக்கு ஏதோ செல்வாக்கு என்று எல்லோரும் நம்பினார்கள், நான் உட்பட. காவல் நிலைய வராந்தாவில் முத்துப்பேச்சி ஈரச் சேலையோடு குந்தியிருந்தாள்.

“சார், அன்னிக்கு நான் கேட்டத அந்தம்மாட்ட சொன்னீகளா?”

சிரித்துச் சமாளிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது பொய்தான்.

“சொன்னேன்” என்றேன்.

“அவிய என்ன சொன்னாக?”

“யோசிச்சுச் சொல்லுதேன்னாக.”

“அப்பச் சரி” என்றாள். “பெரிய எடம். யோசிக்க நாளாகத்தான செய்யும்.”

மாலையில் எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் என்னை யார் விடுவிப்பது? முதல் பொய்க்காவது கூட்டத்தின் சிரிப்புத் துணை இருந்தது. இரண்டாவது, முழுக்க முழுக்க என் சொந்தப் படைப்பு. அன்றிலிருந்து அவள் காத்திருக்கத் தொடங்கினாள்.

சந்தையில் பார்த்தால், “அந்தம்மா தாக்கல் எதுவும் சொல்லி விட்டாகளா சார்?” என்பாள். “இன்னும் சேதி இல்லத்தா” என்பேன். நான் சந்தைக்குப் போவதை நிறுத்தினேன். ஒருநாள் திட்ட வேலையாக அந்த ஊருக்குப் போனபோது, மடைப் பக்கம் அவள் நடந்து போக, டீக்கடை வாசலில் இருந்த ஒருவன், “மசால் அரச்சாச்சா பேச்சி?” என்றான். அவள் திரும்பக்கூட இல்லை. பழகிவிட்டதாம். நான் எழுதிய துணுக்குகள் எதையும் யாரும் ஒரு வாரத்துக்கு மேல் நினைவில் வைத்ததில்லை. அச்சேறாத இந்த ஒன்று மட்டும்...

இங்க்ரிட்டிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அதற்குள் விட்ட குஞ்சுகள், கட்லாவும் ரோகுவும், நன்றாக வளர்ந்துவிட்டன. பல நாடுகளிலிருந்து அந்தக் கண்மாயைப் பார்க்க வந்தார்கள். ஊர் சிரித்த கதையை ஒவ்வொரு குழுவுக்கும் சொல்வது என் கடமையாயிற்று. ஆலோசனைக் குழுவில் நாற்காலி தந்தார்கள், சால்வை போர்த்தினார்கள். ஒவ்வொரு சால்வையும் வாயைக் கட்டும் துணி. அந்த வெளிநாட்டு மாநாடு இந்தியாவுக்கு மாற்றப்பட்டு, இந்தியாவில் மதுரைக்கு மாற்றப்பட்டு, இறுதியில் திட்டத்தின் மறுஆய்வுக் கூட்டமாகச் சுருங்கி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போனேன்.

தொண்ணூறுகள் பிறந்திருந்தன. இங்க்ரிட்டுக்கு முடி நரைத்திருந்தது. ஊர்ப் பெண்களை நேரில் கேட்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி வரவழைத்திருந்தார். வெளுத்த சேலையில் முத்துப்பேச்சி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்தம்மாவே வந்துட்டாகள்ல சார்” என்றாள் என்னிடம். அவள் முகத்தில் அப்படியொரு தெளிச்சியை நான் அதற்குமுன் கண்டதில்லை. பதில் ஆளாகவே வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

இங்க்ரிட் அவளையே பார்த்துப் பேசினார். “முதல் கூட்டத்தில் உங்கள் ஊரில் ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தீர்கள், அந்தப் படம் என் மேசையில் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். உங்களுக்கு அன்றோ இன்றோ ஏதாவது குறை உண்டா?”

முதல் இரண்டு வாக்கியங்களை நான் விட்டிருக்கலாம். விழுங்குவது எனக்குப் புதிதா என்ன? ஏனோ அன்று முடியவில்லை. துணிச்சலா, களைப்பா? இன்றுவரை தெரியவில்லை. ஒருத்தரும் மறுப்புச் சொல்லவில்லை என்று அம்மா சொல்லுதாக, என்பதிலிருந்து தொடங்கி, அத்தனையையும் தமிழில் சொன்னேன்.

அவள் இங்க்ரிட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

கத்திவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். கத்தினால் நான் மொழிபெயர்த்தாக வேண்டும், மொழிபெயர்த்தால் தப்பித்துவிடுவேன்... புரிகிறதா உங்களுக்கு? அந்த நேரத்திலும் என் வேலையை அவளே செய்துவிட வேண்டும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க சார்” என்றாள். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

மொழிபெயர்த்தேன். ஓர் எழுத்துக் கூட்டாமல், குறைக்காமல்.

இங்க்ரிட்டின் பேனா நகரவில்லை. “வேறு எதுவும் சொன்னாரா?”

முத்துப்பேச்சி எழுந்து, மண்டப வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“இல்லை” என்றேன். “அவ்வளவுதான்.”

அது மன்னிப்பா? நீயெல்லாம் ஒரு ஆளா என்று விட்டதா? கேட்கலாம். கேட்டால் சொல்லக்கூடும். அந்தப் பயத்தில் கேட்டதில்லை.

திட்டம் முடிந்து குழு போய்விட்டது. கண்மாய் மீன் இப்போது ஏலம் போகிறது. வெளியூர் ஏலதாரர் காவல் போட்டிருக்கிறார். கோடையில் யாரும் இறங்குவதில்லை. அந்தப் பாதையில் பஸ்ஸில் போனால் சில நாள் முத்துப்பேச்சியைக் காண்பேன். தாக்கல் எதுவும் கேட்பதில்லை. என்னைக் கண்டதும் முன் இருக்கைக்காரரிடம், “சாருக்குச் செத்த எடம் விடுங்கய்யா” என்கிறாள். அவரும் நகர்ந்து இடம் தருகிறார்.

இராஜபாளையம்வரை நான் நின்றுகொண்டே வருகிறேன்.