ஜோடி சேர்க்கிறவர்

லோரியின் பின்பலகையைத் திறந்துவிட்டு, நீல நிற டிரம்மைக் கட்டிப்பிடித்து மெல்ல மெல்ல இறக்குகிறார் குணாளன். உள்ளே இருப்பது கடல். லூமுட் பக்கம் ஒரு படகுக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடி, கரையைத் தாண்டிப் போய் மொண்டு வந்தது. ஈப்போ கிடங்கில் தேயிலைப் பெட்டிகளை இறக்கப் போகும் தோட்டத்து லோரி, மாதத்தில் ஒரு தடவை கொஞ்சம் வழி தவறிப் போகும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கும் இது தெரியும். இத்தனை வருடமாக ஒரு கீறல் இல்லாமல் மலை ஏறி இறங்குகிற டிரைவரை என்னவென்று கேட்பது என்று விட்டுவிட்டார்.

“எல்லா ஊர்லயும் மலைத்தண்ணி கடலுக்குப் போவும். நம்ம ஊர்ல மட்டுந்தான் கடல் லோரி ஏறி மலைக்கு வருது,” என்று தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் கிண்டல் செய்வார்கள். குணாளன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. டிரம் குலுங்காமல் இறங்கினால் போதும் அவருக்கு.

முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது கண்ணாடித் தொட்டி. கேமரன் மலைக் குளிரில் கடல் மீன் ஒரு ராத்திரி தாங்காது. அதனால் தண்ணீரைச் சூடாக வைத்திருக்க ஒரு ஹீட்டர், அது கெட்டுப்போனால் இன்னொன்று. “மீனுக்குச் சுடுதண்ணி, எனக்குப் பச்சத்தண்ணி. போன ஜென்மத்துல நான் மீனாப் பொறந்து தொலைஞ்சிருக்கணும்,” என்பாள் அவர் மனைவி நீலாவதி. அதற்கு அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு, கையை முழங்கை வரை கழுவி, டீசல் வாடை போயிற்றா என்று மோந்து பார்த்து, பிறகுதான் தொட்டிக்குள் கையை விடுவார். அந்தக் கையை இவ்வளவு பதமாக வேறு எதன் மேலும் அவர் வைத்து யாரும் பார்த்ததில்லை.

வளர்ப்பது குட்டி ஏஞ்சல் மீன். சுண்டுவிரல் நீளம்கூட முழுசாக இருக்காது. உடம்பெல்லாம் கருநீலம், விலாவில் மட்டும் ஆரஞ்சு. கடைக்காரர்கள் கோரல் பியூட்டி என்பார்கள். அழகுக்குக் குறைச்சல் இல்லை, குணம்தான் கொடூரம். அதில் ஒன்றை வளர்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. இரண்டை ஜோடி சேர்த்து ஒரே தொட்டியில் வாழவைப்பதுதான் வித்தை. குணாளனுக்கு அதுதான் பைத்தியம்.

“எல்லாமே பொம்பளயாத்தான் பொறக்குது தெரியுமா? அதுல எது ரௌடித்தனம் பண்ணி மத்ததை அடக்குதோ, அது ஆம்பள ஆயிடும்,” என்று சாப்பாட்டுக் கடையில் ஒருநாள் விளக்கினார். “அப்ப நம்ம லயத்துல பாதி பொம்பளைங்க எப்பவோ ஆம்பள ஆயிருக்கணுமே,” என்று எவனோ சொல்ல, கடையே சிரித்தது. குணாளனும் சிரித்தார். ரௌடித்தனம் என்ற சொல்லை அன்று அவர் எவ்வளவு லேசாகச் சொன்னார்!

முதல் தடவை விவரம் தெரியாமல், ஒரே அளவில் இரண்டைப் பிடித்து வந்து ஒன்றாக விட்டுவிட்டார். இரண்டும் ஏற்கெனவே ஆணாகிவிட்டவை. விடிந்து பார்த்தால் ஒன்று செதில் செதிலாகக் கிழிந்து மிதந்தது. அன்றைக்கு மனுஷன் சோறு தின்னவில்லை. “என்னோட அவசரந்தான் அதக் கொன்னுச்சு” என்று புலம்பிக்கொண்டே கிடந்தார்.

அதற்குப் பிறகு திருந்தினார். ஒன்று பெரியது, ஒன்று சின்னது என்று பார்த்து வாங்கினார். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றைச் செருகினார். ஒன்றை ஒன்று பார்க்கலாம், தொட முடியாது. பெரியது தட்டை வந்து வந்து முட்டியது. காலையில் லோரி எடுக்கப் போகுமுன் குந்தியிருந்து பார்ப்பார். “இன்னும் கோவம் தீரல. இருக்கட்டும்லா, நமக்கென்ன அவசரம்,” என்று எழுந்து போவார். தட்டு அந்த இடத்திலேயே மாதக்கணக்கில் நின்றது. சின்னது ஓடி ஒளியக் கல்லை அடுக்கிப் பொந்து செய்து கொடுத்தார். போன வாரம்தான், பெரியது முட்டுவதை நிறுத்திவிட்டது என்று உறுதியான பிறகு, தட்டை உருவினார்.

இவ்வளவு பொறுமை உள்ள மனுஷன் பெற்ற மகளுக்கு ஜோடி பார்த்த லட்சணத்தைக் கேட்டால் வயிறு எரியும்.

தோட்டத்து வீடு வேலை இருக்கிற வரைக்கும்தான். குணாளனுக்கு இந்த வருடக் கடைசியில் வேலை முடிகிறது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தோட்டத்து மண்டபத்தையும் வேலையில் இருப்பவர் பேருக்குத்தான் கொடுப்பார்கள். வீடு கையில் இருக்கும்போதே, மண்டபம் கிடைக்கும்போதே பெண்ணை அனுப்பிவிட வேண்டும் என்பது இங்கே பல அப்பாமார்களுக்கு வருகிற காய்ச்சல். அவருக்கும் வந்தது. ஈப்போ கிடங்கு வாசலில் இன்னொரு லோரி டிரைவர் பழனியப்பனோடு தே தாரேக் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு வந்தது. கிளாஸ் காலியாகுமுன் சம்பந்தம் முடிந்தது.

மகள் ரூபினி அப்போது தானா ராத்தா டவுனில் ஒரு ஹோட்டல் கவுண்டரில் வேலை பார்த்தாள். “ஒரு தடவையாவது பேசிப் பாக்கணும்பா,” என்றாள்.

“என்னத்தப் பேசிப் பாக்குறது? பழனியோட மகன். நான் பாத்து வளந்த பையன்,” என்றார் குணாளன். மாப்பிள்ளை திருச்செல்வத்தை அவர் பார்த்ததெல்லாம் பழனியப்பனின் கைப்பேசியில்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் ரூபினி ஒரே ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. நீலாவதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். குணாளன் மகளைப் பார்த்தார், “என்னம்மா சண்ட?” என்றார், பதிலுக்குக்கூட நிற்காமல் தொட்டியில் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். அடப்பாவி மனுஷா! அவருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

வீடு போன பிறகு எங்கே போவது என்பதற்கு அவரிடம் பதில் கிடையாது. தொட்டி எங்கே போகும் என்பதற்கு உண்டு. பிரிஞ்சாங்கில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். குணாளன் போய் பிளக் பாயின்ட்வரை பார்த்துவிட்டு வந்தார். “மீனுக்கு வீடு பாத்தாச்சு. இனி கவலயில்ல,” என்றாள் நீலாவதி, சுவரைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்தார்கள். பழனியப்பன் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட் டின்னும் கொண்டுவந்தார். திருச்செல்வம் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தான். ரூபினி சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

“புருஷன் பொண்டாட்டின்னா முட்டத்தான் செய்யும், குணா,” என்றார் பழனியப்பன். “இனிமே கை நீட்டமாட்டான். நான் பொறுப்பு. என்னடா?”

“ம்,” என்றான் திருச்செல்வம்.

பழனியப்பன் தொட்டியைப் பார்த்தார். “ஒருவழியா ஜோடி சேந்துருச்சு போல?”

குணாளனின் முகம் மலர்ந்துவிட்டது. பாழாய்ப்போன பழக்கம். “எடுத்த எடுப்புல ஒண்ணா விடக் கூடாதுலா! நடுவுல தட்டு வச்சுப் பிரிச்சு, பாத்துப் பழகட்டும்னு விட்டுடணும். பெருசு ஓடி வந்து முட்டும். முட்டுதுன்னா இன்னும் நேரம் ஆவலன்னு அர்த்தம். அவசரப்பட்டு விட்டா, சின்னது காலி. சின்னது தப்பிச்சு ஓடி ஒளியறதுக்கு எடம் வேற செஞ்சு குடுக்கணும். எடம் இல்லன்னா கடிச்சே கொன்னுடும்.”

சமையல்கட்டில் கிளாஸ் கழுவும் சத்தம் நின்றது. ரூபினி கையைக்கூடத் துடைக்காமல் வாசற்படியில் வந்து நின்றாள். வீக்கம் வடிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே மஞ்சள் பூத்த தடம் மட்டும் மிச்சம்.

“எனக்கு எடம் எங்க, அப்பா?”

திருச்செல்வம் முதல் முறையாகக் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினான். குணாளன் தரையைப் பார்த்தார். இங்கேயே இரு என்று ஒரு வார்த்தை. அதற்குத்தான் அந்தப் பெண் ஈரக் கையோடு நின்றாள். அந்த வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்ததை நீலாவதி பார்த்தாள். வருடக் கடைசியும், லயத்துப் பேச்சும், எதிரே உட்கார்ந்திருக்கும் பழைய சிநேகிதனும் சேர்ந்து அதை அமுக்கிவிட்டன.

“அனுசரிச்சுப் போம்மா,” என்றார். “வந்தா எங்க வச்சுக்குவேன்? எங்களுக்கே வீடு இல்ல.”

அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேராகப் போய்க் காரில் ஏறினாள். அம்மாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. பழனியப்பன்தான், “நான் பாத்துக்குறேன், நான் பாத்துக்குறேன்,” என்று போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். கார் கீழ் வளைவில் திரும்பியது. தேயிலைச் சரிவில் ஏறி வந்த பனிமூட்டம் பாதையை மூடியது. குணாளன் அதற்குப் பிறகும் வெகுநேரம் வாசலில் நின்றார்.

அவர் உள்ளே வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. முன்னறையில் யாரும் விளக்குப் போடவில்லை. நீலாவதி சமையல்கட்டுத் தரையில், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டியில் மட்டும் மங்கலாக நீல வெளிச்சம்.

பெரியது செட்டையை விரித்துச் சின்னதைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. சின்னது ஓடவில்லை, ஒளியவில்லை. இரண்டும் ஒருசேரச் சாய்ந்து, மெதுவாக, மிக மெதுவாக மேலே எழும்பின. பெரியது மூக்கால் சின்னதின் வயிற்றை வருடியது. மேல்மட்டத்தை நெருங்கும்போது ஒரு துள்ளல், தண்ணீரில் ஒரு சிட்டிகை புகை மாதிரி ஏதோ கலைந்தது. முட்டை. ஜோடி சேர்ந்துவிட்டதற்கு இதைவிட வேறு சாட்சி கிடையாது. எத்தனை டிரம் கடல் தண்ணீரை இதற்காகத் தூக்கியிருப்பார்!

நீலாவதி உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டாள். “என்ன, சேந்துருச்சா?” என்றாள்.

அவை மறுபடியும் ஒன்றாக எழும்பத் தொடங்கின. குணாளன் கிட்டே போய், உள்ளங்கையை அகல விரித்துக் கண்ணாடி மேல் வைத்து, அந்த இரண்டையும் மறைத்தார்.