எஞ்சினுக்குப் போன என் கிண்ணம்

ஓட்டப் போட்டியில் விழுந்து எழும்பி ஓடி நான் பரிசாக வாங்கிவந்த சில்வர் கிண்ணத்தில், ஆணியால் துளை துளையாகக் குத்திய மனுசனை என்னவென்று சொல்வது? அந்த மனுசன் என் தாய்மாமன். முரசுமோட்டையில் எங்களுக்கு அடுத்த வளவுக்காரர். வாடகைக்கு ஓடும் பழைய கார் ஒன்று வைத்திருந்தார்.

காரின் வெளிப்புறம் நிறம் உதிர்ந்து கிடந்தது. அதற்குப் பூச்சுப் பூச அவருக்கு மனம் வரவில்லை. பொனற்றுக்குள்ளே, எவர் கண்ணுக்கும் தெரியாத எஞ்சினைத்தான் சிங்காரித்தார். காற்றும் பெற்றோலும் கலந்து உள்ளே போகும் மனிபோல்ட் குழாயை வெட்டி, நேராக்கி ஒட்டுவித்து, அரத்தால் அராவி, வெள்ளிப் பூச்சு அடித்தார். அதன்மேல் குந்தியிருந்த, காற்றில் தூசு வடிக்கும் கறுப்புச் சட்டியைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்தார். அந்த இடத்தில்தான் என் கிண்ணத்தைக் கவிழ்த்தார்.

"மாட்டின்ரை குடலுக்கு ஆரும் பவுடர் பூசுவினமே அண்ணை?" என்று அம்மா கேட்டார்.

"எஞ்சின் எண்டால் வடிவா இருக்கவேணும்" என்றார் மாமா.

வடிவு வந்தது, வேகம் போனது. கார் இருமத் தொடங்கியது. மாமிக்கோ நிறைமாதம். முந்தின வருடம் இதே காரில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர் அவர். பிள்ளையைக் கடவுள் எடுத்துவிட்டார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். இந்த முறையாவது நல்லபடி போய்ச் சேரவேண்டிய நேரத்தில் இவருக்கு அலங்காரம் ஒரு கேடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு காலையில் மாமிக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டது. அம்மாவின் மடியில் தலைவைத்து அவர் பின்சீற்றில் படுத்திருந்தார். வீட்டில் விட ஆளில்லாததால் என்னையும் முன்னால் ஏற்றினார்கள். வழியில் ஆமிக்காரரின் காவல் சென்றியில் மறித்தார்கள். மாமா ஓடிப்போய்ப் பொனற்றைத் திறந்தார். துவக்கோடு வந்தவன் குனிந்து பார்த்தான். கிண்ணத்தை விரலால் தட்டினான். சிரித்துவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

என் பரிசைப் பார்த்து அவன் சிரிப்பதா!

"என்ரை கிண்ணத்தை எப்ப கழட்டித் தருவியள்?" என்று கார் நகர்ந்ததும் கேட்டேன். மாமா புறங்கையால் கண்ணைத் துடைத்தார். அவன் சிரித்த வெட்கத்தில் அழுகிறார், நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் ஆஸ்பத்திரியில் மச்சாள் பிறந்தாள்.

முந்தின வருடம் அதே சென்றியில் நடந்ததை, நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். கறுப்புச் சட்டிக்குள் எதையோ ஒளித்திருப்பதாகச் சொல்லி, அதையும் சுற்றியிருந்த குழாய்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார்களாம். மாமா கும்பிட்டுக் கும்பிட்டுக் கழற்றிக்கொண்டிருக்க, மாமி வெயிலில் வீதியோரத்தில் பிள்ளை பெற்றார். பிள்ளை அழவில்லை.

பெண்சாதி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்காக ஒரு மனுசன், ஒளிக்க இடமே இல்லையென்று எஞ்சினைத் துலக்கித் திறந்து காட்டவேண்டியிருந்ததே!

அன்று எனக்குக் கிண்ணம்தான் பெரிது. மச்சாள் தவழத் தொடங்கிய பிறகும் விடாமல் கேட்டேன்.

"வடிவா இருக்கெல்லே, கிடக்கட்டும்" என்பார் மாமா. அந்தப் பேச்சு எழும்பினாலே மாமி மச்சாளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். மாமிக்கும் அந்தக் கிண்ணத்தில் ஆசை என்றுதான் நான் நினைத்தேன்.