நைனா வாங்கிய பங்கு

கடற்கொள்ளையரைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால் சிரிக்காமல் இருந்தவர்கள் யாரும் இதுவரை எனக்கு அகப்படவில்லை. காலை ரயிலில் என்னோடு ஆரம்பாக்கத்தில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்கும் கம்பெனிப் பெண்கள் சினிமாக் கொள்ளையன் மாதிரி ஒரு கண்ணைப் பொத்திக் காட்டுவார்கள். பிறகு தோளில் கிளி உண்டா என்பார்கள். "கொள்ளக்காரனப் பத்தி படிச்சிக்கினு இன்னா வேலக்கிப் போவப் போற?" என்று ஒரு அக்கா தினமும் கேட்பாள். முதுகலை வரலாறு, கடைசி ஆண்டு, ஆய்வேடு கட்டாயம் என்று ஒருநாள் முழுசாக விளக்கினேன். மறுநாளும் அதையே கேட்டாள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அது தெரிந்துதான் கேட்டாள்.

ரயிலில் சொன்ன உண்மையை வீட்டில் சொல்லவில்லை. வீட்டைப் பொறுத்தவரை என் தலைப்பு பழவேற்காட்டுத் துறைமுக வணிகம். காரணம் என் அப்பா. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். நைனா சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தவர். எனக்கு ஏழு வயது நடக்கும்போது அவருடைய கப்பலைச் சோமாலியா பக்கம் கொள்ளையர்கள் பிடித்துப்போய், ஏழு மாதம் வைத்திருந்து விட்டார்கள். திரும்பி வந்தவர் மறுபடி கடலுக்குப் போகவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார், இன்றுவரை அதே வேலைதான். அந்த ஏழு மாதத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. டிவியில் கப்பல் செய்தி வந்தால் அம்மா சேனலை மாற்றுவாள், அவ்வளவுதான்.

அப்படியிருக்க ஏன் அந்தத் தலைப்பு என்றால், அந்த ஏழு மாதத்தில் நைனாவிடமிருந்து ஒரே ஒரு போன் வந்தது. அதை எடுத்தவள் நான்.

அம்மா அப்போது எந்நேரமும் செல்போனை இடுப்பில் செருகியே வைத்திருப்பாள். குளிக்கவோ தண்ணீர் பிடிக்கவோ போகும்போது மட்டும் என் கையில் கொடுத்து, "அடிச்சா எங்கிட்ட ஓடியா" என்பாள். அன்று தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். குழாய் நாலு வீடு தள்ளித்தான். போன் அடித்தது. "பாப்பா" என்றது நைனாவின் குரல். "அம்மா இல்லியா?"

"தண்ணி புடிக்கப் போய்க்கிது" என்றேன். ஓடியிருக்க வேண்டும். அந்த வாரம்தான் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியிருந்தேன், நாலு வீடு ஓட எனக்குத் தெரியாதா என்ன. ஓடவில்லை. அந்தப் பரிசைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ரெண்டாவதாக வந்தேன், சோப்பு டப்பா கொடுத்தார்கள், முன்பல் விழுந்துவிட்டது, பக்கத்து வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது, ஒன்றுக்கு ஒரு காது மட்டும் வெள்ளை. மூச்சுவிடாமல் சொன்னேன். நைனா "ம்" கொட்டினார். பிறகு, "அந்த சோப்பு டப்பா" என்று ஏதோ கேட்க வந்தார், லைன் அறுந்துவிட்டது.

அம்மா குடத்தோடு வந்து யார் என்று கேட்டாள். சொன்னேன். குடத்தை இறக்கி வைத்தாள், போனை வாங்கிக்கொண்டாள், சாயங்காலம் வரைக்கும் அதைக் கீழே வைக்கவே இல்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு சாத்து சாத்தியிருந்தால் அன்றைக்கே எனக்குத் தீர்ந்துபோயிருக்கும். அதற்குப்பின் நைனா விடுதலையாகும் வரை போனே வரவில்லை. நான் வாயாடியதால்தான் கொள்ளைக்காரர்களுக்குக் கோபம் வந்து, அடுத்த போனைக் கொடுக்கவில்லை என்று நினைத்தேன். ஏழு வயதில் அப்படி நினைப்பது இயற்கை. இருபத்திரண்டிலும் அதையே நினைத்துக்கொண்டிருந்ததுதான் வெட்கக்கேடு. ஏன் ஒரே ஒரு போன்? நைனாவிடம் கேட்கத் துணிச்சல் இல்லை, அதனால் புத்தகங்களிடம் கேட்கப் போனேன்.

புத்தகங்களில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் வேறு ஆட்கள் கிடைத்தார்கள். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய விசாரணைப் பதிவுகளைப் படித்தபோது, நான் தேடாத ஒரு கூட்டம் அதில் திரும்பத் திரும்ப வந்தது. தச்சர்கள், கொல்லர்கள், வைத்தியர்கள். கொள்ளையர்கள் ஒரு கப்பலைப் பிடித்தால் மற்றவர்களை விட்டுவிட்டு, கைத்தொழில் தெரிந்தவனை மட்டும் இழுத்துக்கொண்டு போவார்கள். ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வேண்டுமே. பின்னால் அந்தக் கொள்ளைக் கப்பல் பிடிபடும்போது தச்சனும் சேர்ந்து பிடிபடுவான், அவனையும் கொள்ளையன் என்றே கூண்டில் ஏற்றுவார்கள். அதனால் விவரமானவன் இழுத்துப்போகப்படும்போதே, விட்டுவிடப்படுகிற தோழர்களிடம் கெஞ்சி ஒரு காகிதம் எழுதி வாங்கி வைத்துக்கொள்வான். 'இவன் இஷ்டப்பட்டுப் போகவில்லை, கட்டாயப்படுத்தினார்கள்' என்று அதில் இருக்கும். நீதிபதி அவனைக் கேட்கும் முக்கியமான கேள்வி, கொள்ளையில் பங்கு வாங்கினாயா என்பது. வாங்காதவன் பிழைக்க வழி உண்டு.

அந்த அத்தியாயத்தை ஆசையாக எழுதினேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாளெல்லாம் மடியில் வைத்து அடித்துத் திருத்தி எழுதினேன். அடுத்த பத்தியில் இன்றைய கொள்ளையரையும் கொண்டுவந்து, பிடிபட்ட மாலுமிகளை இப்போதும் கப்பலின் அடித்தளத்தில் அடைத்து வைக்கிறார்கள் என்று, ஏதோ நேரில் பார்த்தவள் மாதிரி எழுதியிருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒருபக்கம் மட்டும் அச்சடித்த தாளை அம்மா தூக்கிப்போட மாட்டாள். நான் கழித்துப்போட்ட தாள்களை எல்லாம் அடுக்கி வைத்து, நைனாவின் டிபன் பாக்ஸில் சப்பாத்திக்கு அடியில் மடித்துப் போடுவாள். ஒரு பக்கத்தையாவது அவள் படித்தது கிடையாது. ஒன்றரை வருஷமாக இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், திருத்திய பிரதியைப் பத்திரமாக என் ஆய்வைப் பார்க்கும் கல்லூரி மேடத்திடம் கொடுத்துவிட்டு, பழைய பிரதியைக் கொண்டுபோய் அந்த அடுக்கிலேயே போட்டேன். வரலாறு படிக்கிறவளின் லட்சணம் இது.

ஒரு சனிக்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்து நைனா வந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து வடகறி தொட்டு இட்லி தின்றுகொண்டிருந்தேன். எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். என் அத்தியாயம். கம்பெனியில் இரும்பில் குறி போடும் மார்க்கரால் ஒரு வரியைக் கோடிட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார். "அடித்தளத்துல இல்ல. மேல. பிரிட்ஜ்ல, கப்பல ஓட்டற ரூம்ல தான் எல்லாரயும் வெப்பாங்க."

பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டேன். துறைமுக வணிகம் என்ற என் பொய்யைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டியபடி, ரொம்பச் சாதாரணமாக, "பங்கு வாங்காதவன வுட்டுட்டாங்கன்னு எழுதிக்கிற. வாங்கினவனுக்கு இன்னா தண்டன?" என்றார்.

கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லிவிடும் வியாதி எனக்குச் சின்ன வயசிலிருந்து உண்டு. "தூக்குதான் நைனா" என்றேன். சொல்லிவிட்டு, உடம்பைத் துறைமுகத்திலேயே தொங்கவிடுவார்கள் என்ற விவரத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்டியா" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். காபி கொண்டுவந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மிக்ஸி, தண்ணி மோட்டார், தையல் மெஷின் எது கெட்டாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும், நைனா பைசா வாங்காமல் சரிபண்ணித் தருவார். ஆனால் பழவேற்காட்டு ஏரிப்பக்கத்து மீன்காரர்கள் படகு இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும், "எனக்குத் தெரியாதுப்பா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கப்பலில் இருந்தவனுக்கு இது தெரியாதா, திமிர் என்று சிலர் பேசியதுண்டு. கடலே பிடிக்காமல் போய்விட்டது போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

"சோமாலியால அவங்க போட் இன்ஜின் ஒண்ணு நின்னுபோச்சி" என்று நைனா ஆரம்பித்தார். தரையைப் பார்த்துத்தான் பேசினார். "நான் ஃபிட்டருன்னு தெரியும். செஞ்சி குடுன்னாங்க."

"அடிச்சாங்களா?"

"என்னிய அடிக்கல. அதான்மா பேஜாரு. அடிச்சிருந்தா பரவால்ல. செஞ்சி குடுத்தா ஊட்டுக்கு ஒரு போன் போட்டுத் தரேன்னான். நாலு மாசமாச்சி உங்க குரலக் கேட்டு. உப்பு ஏறி கார்பரேட்டரு அடைச்சிக்கினு இருந்துது. அரை நாள் வேல. செஞ்சிட்டேன்."

அம்மா காபியைக் கீழே வைத்தாள்.

"மூணாம் நாளு அதே போட்டுல போயி இன்னொரு கப்பலப் புடிச்சிக்கினு வந்தாங்க. எங்க கப்பலுக்குப் பக்கத்துலியே நிறுத்தனாங்க. எல்லாரும் தலமேல கையி வெச்சிக்கினு நிக்கறானுங்க. ஒருத்தன் லுங்கியோட நிக்கறான், நம்ம ஊரு லுங்கி. அப்புறமும் எவ்ளோ வாட்டி கேட்டாங்க, செய்யி, போன் தரோம்னு. நான் ஸ்பேனரத் தொடல. அதான் வேற போன் வரல."

ஒன்றரை வருஷம் நூலகம் நூலகமாக நான் தேடிய பதில் இதுதான். கோபக்காரக் கொள்ளையன் யாரும் இல்லை. என் வாய்த்துடுக்கும் காரணம் இல்லை. எங்களைக் கூப்பிடும் விலை தெரிந்துபோய், அதை மறுபடி கொடுக்கமாட்டேன் என்று நைனா உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இட்லித் தட்டோடு உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். அம்மாவைக் கூப்பிட ஓடாமல் போனதை எல்லாம் உளறினேன். நைனா நான் சொல்வது புரியாதவர் போல என்னைப் பார்த்தார். "நீ இன்னாம்மா பண்ண? பேசனே. நல்லாத்தான் பேசனே" என்றார்.

அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தூக்கு என்று நான் சொன்ன வார்த்தை வீட்டுக்குள்ளேயே கிடந்தது. அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும்தான் அந்தத் தச்சர்களின் காகிதம் நினைவுக்கு வந்தது. நைனாவுக்கு அதை எழுதித்தர ஆளில்லாமல் போய்விட்டது, பிரச்சினை அவ்வளவுதான் என்று தோன்றியது. பாயில் உட்கார்ந்தே எழுதினேன். இன்னார், சரக்குக் கப்பல் ஃபிட்டர், கொள்ளையர் கையில் பிடிபட்டிருந்த காலத்தில் அவர்களுடைய படகு இன்ஜினைச் சரிசெய்தது உண்மை. கட்டாயத்தின் பேரில் செய்தார், இஷ்டப்பட்டுச் செய்யவில்லை. பங்கு எதுவும் வாங்கவில்லை. கீழே என் கையெழுத்து.

நாஷ்டாவுக்கு உட்கார்ந்தவரிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"கடைசி வரி பொய்யி. நான் பங்கு வாங்கனேன்" என்றார்.

"ஒரு போன் பேசனது பங்கா? சொந்தப் பொண்ணுகிட்ட பேசனதுக்கா உன்னத் தூக்குல போடுவாங்க?" கத்திவிட்டேன்.

"கத்தாத. அந்தக் கப்பல்ல வந்தவனுங்களுக்கும் பொண்ணு இருந்திருக்கும் இல்ல?"

சண்டைபோட்டு ஜெயிக்கிற விஷயம் இல்லை இது என்று தெரிந்தது. காகிதத்தை வாங்கி, கடைசி வரியை அடித்தேன். 'பங்காக, தன் மகள் பேசியதை இரண்டு நிமிடம் கேட்டார்' என்று எழுதினேன்.

நைனா அதை ரெண்டு முறை படித்தார். "ம். இது சரி" என்றார்.

அம்மா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தால், 'சாட்சி' என்று பெரிதாக எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டாள். அந்த ரெண்டு நிமிஷத்தில் ஒரு நொடிகூடக் கிடைக்காதவள் அவள்தான். கையெழுத்தை ஊதி உலர்த்தி நைனாவிடம் கொடுத்தாள். அவர் பீரோவைத் திறந்து, கப்பல் வேலைக்காரர்களுக்குத் தரும் பழைய அடையாளப் புத்தகத்தை எடுத்தார். நான் வளர்ந்த பிறகு அதை வெளியே பார்ப்பது அதுதான் முதல் தடவை. காகிதத்தை நாலாக மடித்து அதற்குள் வைத்தார்.

பீரோவைச் சாத்தினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அந்த சோப்பு டப்பா" என்றார். "கேக்கறதுக்குள்ள கட்டாயிடுச்சி. இன்னா கலரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"பச்ச" என்றாள். "மூடி மட்டும் வெள்ள."