நாற்று வயது

என்னைப் பிடுங்கி வேறு யார் வீட்டிலோ வளர விட்டுவிடப் போகிறார்கள் என்று பத்து வயதில் மனதார நம்பியவன் நான்.

நேற்று தச்சநல்லூர் வயல்களைக் கார் தாண்டும்போது நாற்றுமுடியின் பச்சை வாசம் வந்தது. கூடவே அந்தப் பயமும் வந்தது.

அம்மா வயக்காட்டில் வளர்ந்து, பாளையங்கோட்டையில் டீச்சரானவள். தொண்ணூறுகளில் ஒரு சாயங்காலம் அடுப்படியில் மாமாவிடம் அழுதாள். "பறிச்சு நடத்தான் போறாவ அண்ணாச்சி. வேர் பிடிக்குமோ என்னமோ."

"எல்லாம் பிடிக்கும், அழாதட்டி."

வீட்டில் நாற்று வயதில் இருந்தவன் நான் ஒருத்தன்தான். என்னை அனுப்பிவிட கணக்கில் நான் வாங்கிய மார்க்கே போதும், வேறு காரணம் வேண்டாம். டவுசர்களைப் பையில் திணித்தேன். போகிற இடத்தில் தின்னத் தருவார்களோ என்னவோ என்று சம்படத்து முறுக்கையும் போட்டுக்கொண்டேன்.

"எங்கலே கெளம்புத?" என்றாள் அம்மா.

"என்னை எங்கன நடப்போற?"

அழுத முகத்தோடு சிரித்தாள். மாற்றல் அவளுக்கு, வள்ளியூர்ப் பள்ளிக்கு. ஆறு வருஷம் விடியுமுன் சோறு பொங்கி வைத்துவிட்டு பஸ்ஸில் போய்வந்தாள். என்னை எங்கேயும் அனுப்பவில்லை.

நேற்று காரில் என் பக்கத்தில்தான் இருந்தாள். வயது எண்பது. "முத்துன பயிரு வேர் பிடிக்காதுலே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் ஏதோ வேடிக்கை பேசி மழுப்பினேன்.

பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டி, அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிவந்துவிட்டேன்.