நாற்பத்துநாலு போதும்

எங்கள் ஊரில் ஜீப்பின் முன் அச்சுக்கு எண்தான் பெயர். முப்பது, நாற்பத்துநாலு, அறுபது. எண் ஏற ஏற இரும்பு தடிக்கும். மார்வா ஜெப்சனின் பழைய ஜீப்பில் இருந்தது முப்பது. போன வருட ஈஸ்டர் வாரம், ஏணிப்பாறைத் தடத்தின் மூன்றாவது படியில் அது வளைந்தது. முன் சக்கரங்கள் இரண்டும் ஏதோ ரகசியம் பேசுவதுபோல ஒன்றை நோக்கி ஒன்று தலை சாய்த்துக்கொண்டன.

யாருடைய அச்சு வளைந்தாலும் எங்களுக்கு அது ஒரு வாரப் பேச்சு. இது அப்படி இல்லை. பத்தொன்பது வருடமாக, பாறைத் தடங்களில் ஜீப் ஏற்றும் எங்கள் சங்கத்தின் வால் மார்வாதான். வால் என்றால் வரிசையின் கடைசி வண்டி. முன்னால் யார் உடைந்து நின்றாலும் வால் தாண்டிப் போகாது. கட்டியோ இழுத்தோ வெளியே கொண்டுவரும். எல்லோரும் ஒரு தடையைக் கடந்தபின் ரேடியோவில் "வால் ஏறியாச்சு" என்று குரல் வர வேண்டும். வந்தால்தான் முதல் வண்டி நகரும். அன்றைக்கு வாலையே கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

உடைந்த இரும்பை எங்கள் ஊர் பர்கர் கடைச் சுவரில் தொங்கவிட்டு, உடைத்தவர் பெயரை வெள்ளைப் பெயின்டில் எழுதுவது வழக்கம். மார்வா பிரஷ்ஷைப் பிடுங்கித் தன் பெயரைத் தானே எழுதினார். அந்தச் சுவரிலேயே பெரிய எழுத்து அதுதான்.

சங்கத் தலைவன் லேன் ஸ்டாக்கர் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "அடுத்த வருஷத்துக்குள்ள அறுபது போட்டுடுங்க மார்வா. இல்லன்னா வால் நான் போறேன்."

"அறுபது எதுக்குடா? நான் என்ன வைக்கோல் லாரியா ஓட்டுறேன்?"

"அது உடையவே உடையாது."

"உடையாத சாமான்னு ஒண்ணு என் அடுப்படில இருந்ததே இல்ல."

மார்வா முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்ற பெண்மணி. ஊரில் பாதிப்பேர், லேன் உட்பட, அவர் கையால் பீன்ஸ் குழம்பும் சர்க்கரை தூவிய இலவங்கப்பட்டை ரொட்டியும் தின்று வளர்ந்தவர்கள். அறுபத்துநாலு வயதில் அவரிடம் மிச்சம் இருந்த வேலை இந்த வால் ஒன்றுதான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

நான் வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறைத் தரையில் இரண்டு அச்சுகள் அருகருகே கிடந்தன. லேன் தனக்கு வாங்கிப் போட்டிருந்த அறுபது ஒன்று. மார்வா ஒரு புல்வயலில் துருப்பிடித்துக் கிடந்த பிக்கப்பிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த நாற்பத்துநாலு இன்னொன்று. மார்வா குப்புறப் படுத்து டேப்பை நீட்டினார். அச்சின் நடுவில் பற்சக்கரங்களை மூடியிருக்கும் இரும்புக் குண்டுதான் பாறையில் முதலில் இடிக்கும். ஒரே அளவு சக்கரம் மாட்டினால் அறுபதின் குண்டு ஒன்றரை அங்குலம் கீழே தொங்கும்.

"பாத்தியா? இதுக்குப் பெரிய சக்கரம் போடணும். அதுக்குப் பின் ஆக்ஸில் பத்தாது. அப்புறம் கியர், பிரேக். கடைசில ஆக்ஸிலுக்கு ஒரு ஜீப் செஞ்ச கதையா ஆயிடும். நாப்பத்துநாலு போதும்."

நாற்பத்துநாலின் குழாய்க்கு மேல் தகடு வைத்துப் பற்றவைத்தேன். உள்ளே தடித்த தண்டுகள் போட்டோம். ஆனால் சக்கரத்தோரம் தண்டு மடங்கித் திரும்பும் ஜாயின்ட்டை மட்டும் சாதாரணமானதாகவே வைக்கச் சொன்னார். ஏன் என்றேன்.

"எங்கயாவது உடையத்தான் போவுது. கை போற எடத்துல உடையட்டும். இதைப் பலமாக்கினா குண்டுக்குள்ள பல்லு போவும். பாறைல குந்திக்கிட்டு அதைத் திறப்பியா நீ?"

லேன் தன் வண்டியில் அறுபதை மாட்டினான். சக்கரம் பழைய அளவுதான். "சக்கரம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். அந்த 'அப்புறம்' எங்கள் ஊரில் ஒவ்வொருவனும் ஒருமுறையாவது சொன்னது.

ஈஸ்டர் வாரம் மறுபடி வந்தது. பதினான்கு வண்டிகள். மார்வா பதின்மூன்றாவது, சொன்னபடியே வால் லேன். நான் மார்வா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதே மூன்றாவது படி. ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியிருந்தபோது இடது முன்பக்கம் 'படக்'கென்று முறியும் சத்தம் கேட்டது. ஜாயின்ட்.

எங்களிடம் இன்னொரு வழக்கம்: கேட்காமல் யாரும் கை வைக்கக்கூடாது. லேன் இறங்கி வந்து கைகட்டி நின்றான்.

"அறுபதா இருந்தா இந்நேரம் மேல நின்னு சாண்ட்விச் தின்னுட்டு இருப்பீங்க."

"நாலாங்கிளாஸ்ல ரெண்டாவது ரொட்டிக்குத் தட்டை நீட்டினப்ப இவ்வளவு வாய் இல்லியே உனக்கு. வெயிலை மறைக்காதே, தள்ளு."

சக்கரம் கழன்றது; பிரேக், சக்கரக்குடம், தண்டு என்று ஒவ்வொன்றாகச் செம்மணலில் விரித்த துணிமேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. புது ஜாயின்ட்டோடு தயாராக வைத்திருந்த தண்டு உள்ளே போனது. நாற்பது நிமிடம். ஒருமுறைகூட அவர் உதவி கேட்கவில்லை. பிறகு ஜீப் அதே படியில், அதே இடத்தில், ஏறியது.

அடுத்து லேன். முன் சக்கரங்கள் விளிம்பைத் தாண்டின. குண்டு தாண்டவில்லை. வண்டி அதன்மேல் அடைகாக்கும் கோழியாய் உட்கார்ந்தது. முன் சக்கரங்கள் பாறையை வெறுமனே தடவின. பின்னால் போகலாம் என்றால் இடப்பக்கம் பள்ளம். வண்டியை மேலே இழுக்க முகப்பில் சுற்றிவைத்த கேபிள் அவனிடமும் உண்டு. கட்டுவதற்கு மேலே ஒரு மரமோ பாறைமுனையோ இல்லை, மார்வாவின் ஜீப்பைத் தவிர.

மார்வா பானெட்மேல் ஏறி உட்கார்ந்து ஆறிப்போன பட்டை ரொட்டியைப் பிரித்தார். எனக்குப் பாதி கொடுத்தார். மேலே பன்னிரண்டு வண்டிகள் குரலுக்காகக் காத்திருந்தன.

"வால் எங்கப்பா?" என்றது ரேடியோ. மார்வா நிதானமாக மென்றார்.

"மார்வா..."

"என்ன?"

"கேபிள்."

"கேபிளுக்கு என்ன?"

"போடுங்க. தயவுசெஞ்சு."

போட்டார். அறுபது, பாறையில் ஒரு நீண்ட வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டே மேலே வந்தது. மார்வா தன் ஜீப்பை ஓரம் ஒதுக்கினார்.

"முன்னால போ."

"வால் நான்ல? சங்கத்துல முடிவு பண்ணது."

"வாலை யாரு இழுத்தா?"

லேன் கியர் மாற்றி எங்களைத் தாண்டிப் போனான். மார்வா உடைந்த ஜாயின்ட்டை என் மடியில் போட்டார். "இதுலயும் என் பேரை எழுதணும். ஞாபகப்படுத்து." கையில் ஒட்டியிருந்த சர்க்கரையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு ரேடியோவை எடுத்தார்.

"வால் ஏறியாச்சு."

மேலே, ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு எஞ்சின்கள் உயிர்பெற்றன.