கோஃபி வீட்டில் தண்ணீர்

லண்டனின் பார்க்கிங் பகுதியில் உள்ள கானா நாட்டவர் சபையில் நானும் மனைவியும் ஊழியம் செய்கிறோம். ஒரு ஞாயிறு, பிரசங்கத்தில் வாய் சும்மா இராமல், நண்பர் கோஃபி பிந்தி வருவதைக் கிண்டலடித்தேன். சபையே சிரித்தது. அடுத்த வாரம் அவர் வரவில்லை.

நட்பு போய்விட்டதோ என்ற பயத்தில், மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனோம். தண்ணீர் தந்தார். குடித்து முடித்ததும் சிரிக்காமல், "ஏன் வந்தீர்கள்?" என்றார்.

யாழ்ப்பாணத்தானுக்கு இதைவிட அவமானம் உண்டா? எழுந்து வாசலுக்கு நடந்தேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இருங்கோப்பா! தண்ணி தந்த பிறகு, வந்த அலுவலைக் கேக்கிறது இவையின்ர மரியாதை. ரெண்டு வருசமா என்னத்தைக் கண்டனீங்கள்?"

அசடு வழிய உட்கார்ந்து, வந்த காரணத்தைச் சொன்னேன்.

"மனம் நொந்ததுதான்," என்று கையை நீட்டினார் கோஃபி.

பகிடி, கிண்டல் எதுவும் விடாமல் ஒருவரோடு ஐந்து நிமிடம் நான் பேசியது அன்றைக்குத்தான்.